தேய்வதே அதன் தொழில்

மோட்டார் வாகனம் ஒன்றைச் சொந்தமாக வைத்திருக்கும் நம்மவர், அதற்கு வேண்டிய பொருள்களைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் சிரத்தையைச் சற்றுக் கவனித்தால் ஒரு விசித்திரம் புலப்படும். இருக்கை உறையின் நிறத்தைத் தீர்மானிக்க வீட்டார் எல்லோரும் கூடி ஆலோசிக்கிறார்கள்; டயர் வாங்குவதென்றால் நான்கு கடை ஏறி இறங்கி, நண்பர் இருவரைக் கலந்து, விலையில் நூறு இருநூறு குறைத்துக்கொண்ட பிறகே மனம் சமாதானம் அடைகிறது; கண்ணாடியின் கீழே தொங்கவிடும் வாசனைப் புட்டிக்குக்கூட அபிப்பிராய பேதம் உண்டு. ஆனால் அந்த வாகனத்தை ஓட்டத்திலிருந்து நிலைக்குக் கொண்டுவரும் பொறுப்பைத் தாங்கி, சக்கரத்தின் உட்புறத்தில் ஒருவர் கண்ணிலும் படாமல் கிடக்கும் பிரேக் பேடு என்னும் சிறு துண்டைத் தேர்ந்தெடுக்கும் காரியம் மட்டும், பட்டறையில் வண்டி ஜாக்கியின் மேல் நிற்க, மெக்கானிக் போனில் கூப்பிட்டு, “சார், முன்னாடி பேடு தேஞ்சிடுச்சு, கம்பெனி பேடு போடட்டுமா, வெளி மார்க்கெட்டே போதுமா?” என்று கேட்க, ஆபீசில் வேறு ஜோலியாய் இருப்பவர், “எது நல்லதோ அதையே போட்டுடுப்பா” என்று சொல்லி முடிப்பதற்குள் நடந்தேறிவிடுகிறது.

மெக்கானிக்கின் மேல் குற்றம் சொல்வதற்கில்லை. அவர் கேட்ட கேள்வி விலையைப் பற்றியது. சொந்தக்காரர் சொன்ன விடை நம்பிக்கையைப் பற்றியது. இந்த வாகனம் எந்தச் சாலையில், எவ்வளவு பாரத்தோடு, என்ன வேகத்தில் ஓடுகிறது என்ற கேள்வியோ இருவர் வாயிலிருந்தும் வரவில்லை. எல்லா வண்டிக்கும் எல்லாச் சாலைக்கும் நல்லதென்று ஒரு பேடு உலகில் கிடையாது. தாம்பரத்திலிருந்து அண்ணாசாலைக்குத் தினந்தோறும் ஊர்ந்து வந்து ஊர்ந்து திரும்பும் காருக்கு உகந்தது, மாதத்தில் நாலைந்து தடவை உதகைக்கு ஏறி இறங்கும் வாடகைக் காருக்கும் உகந்ததாயிருக்க வேண்டும் என்ற நியதி இல்லை. இதைக்காட்டிலும் வேரூன்றிய தப்பெண்ணம் ஒன்று உண்டு. “நான் போட்ட பேடு அறுபதாயிரம் கிலோமீட்டர் வந்தது” என்று பெருமை பேசுகிறவரையும், அதைக் கேட்டு அந்தப் பெயரைக் குறித்துக்கொள்கிறவரையும் எந்த ஊரிலும் பார்க்கலாம். பேடு என்பது தேய்வதற்கென்றே செய்யப்பட்ட பதார்த்தம். தான் தேய்ந்து, தன்னைவிட விலை உயர்ந்த டிஸ்க் என்னும் இரும்புத் தட்டு அதிகம் தேயாமல் காப்பதும், தேய்மானத்தின் ஊடாக வேகத்தை வெப்பமாக்கி வெளியேற்றுவதும் அதன் தொழில். தேயாத பேடு ஒன்று, பெரும்பாலும், டிஸ்க்கைத் தின்றுகொண்டிருக்கும். இல்லையேல் பற்ற வேண்டிய அளவு பற்றாமல் இருக்கும். ஆகவே ஆயுளை மட்டும் அளவுகோலாகக் கொண்டு பேடு வாங்குவது, வாங்குகிறவருக்கு எதிராகவே முடியக்கூடிய சிக்கனம்.

அந்தத் துண்டைக் கையில் எடுத்துப் பார்ப்போம். முதுகுப் பக்கத்தில் எஃகுத் தகடு. அதன்மேல், சிறிய கார் என்றால், சுமார் 10 மில்லிமீட்டர் கனத்துக்கு அழுத்திச் சூடேற்றி ஒட்டிய கருஞ்சாம்பல் நிறப் பொருள். நடுவில் நெட்டாக வெட்டிய ஒரு பள்ளம், தூசியும் ஆவியும் நீரும் வெளியேறுவதற்காக. தகட்டின் ஓரத்தில் வளைந்து நிற்கும் மெல்லிய நாக்கு ஒன்று சில பேடுகளில் இருக்கும். பொருள் ஏறக்குறைய 2 மில்லிமீட்டராகத் தேய்ந்ததும், அந்த நாக்கு டிஸ்க்கைத் தொட்டுக் ‘கிறீச்’ என்று கத்தி, வண்டிக்காரரை எச்சரிக்கும். 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது விவேகம். இரண்டு முன்சக்கரத்துக்கும் சேர்த்து இப்படிப்பட்ட துண்டுகள் நான்கு. ஒவ்வொன்றும் உள்ளங்கைக்கு அடங்கும். நிறுத்தும் வேலையில் முக்காற்பங்கை ஒட்டிய அளவு இந்த நான்கின் தலையில்தான் விழுகிறது. ஏனெனில் பிரேக் மிதித்தவுடன் வண்டியின் பாரம் முன்னே சாய்கிறது.

அவை செய்யும் வேலையின் அளவைக் கணக்கிட்டுப் பார்த்தால் ஆச்சரியம் உண்டாகும். ஆட்களும் மூட்டைகளும் உட்பட 1,400 கிலோ எடையுள்ள ஒரு கார் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்குமானால், அந்த ஒரே ஒரு நிறுத்தத்தில் உண்டாகும் உஷ்ணம் ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமான தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். அவசரமாக நான்கு விநாடியில் நிறுத்தினால், அந்த நான்கு விநாடிக்கும் பிரேக்குகள் சராசரியாகச் சுமார் 120 குதிரைசக்தியில் உழைக்கின்றன; நம் ஊர்ச் சிறிய கார்களின் எஞ்சின் பலவும் அதைவிடக் குறைந்த சக்தி உடையவை. ஓட்டுகிற யந்திரத்தைவிட நிறுத்துகிற யந்திரம் வலியது என்பதை விற்பனைக்கூடத்தில் எவரும் சொல்வதில்லை. சொன்னால் கார் விற்காது போலும்! வேகம் இரட்டித்தால் உஷ்ணம் நான்கு மடங்காகும் என்பதையும் கூடவே நினைவில் கொள்ளவேண்டும். 40-இல் நிறுத்திப் பார்த்துத் திருப்தி அடைந்த பேடு, 80-இல் முற்றிலும் வேறொரு பரீட்சைக்கு உட்படுகிறது.

மலைப்பாதையின் கணக்கு இன்னும் கடுமை. உதகமண்டலம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,240 மீட்டர். மேட்டுப்பாளையமோ சுமார் 325 மீட்டர். அதே கார் இந்த 1,900 மீட்டர் உயரத்தை இறங்கி வருகையில் விடுவிக்கும் சக்தி, ஏறக்குறைய 90 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். காற்றும் டயரும் எஞ்சினும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றன. மிச்சமெல்லாம் அந்த நான்கு துண்டுகளின் வழியாகவும் பின்சக்கர டிரம்களின் வழியாகவும் காற்றில் கரையவேண்டும். எஞ்சின் எவ்வளவு பங்கை எடுத்துக்கொள்ளும் என்பது ஓட்டுகிறவர் எந்தக் கியரில் இறங்குகிறார் என்பதைப் பொறுத்தது. பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருகிறவர், எஞ்சினுக்குரிய பங்கையும் பேடின் மேல் சுமத்துகிறார். மலைக்குரிய இந்த விதியை முதலில் உணர்ந்து மரியாதை செய்தவர்கள் ரயில்வேக்காரர்கள் என்று தோன்றுகிறது. மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையே 1899 முதல் ஓடும் மலைரயில், பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஏறி இறங்குகிறது. அதுவும் போதாதென்று ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்மேனை உட்கார்த்தியிருக்கிறார்கள். குடும்பத்தோடு காரில் போகிறவருக்கு அந்தப் பிரேக்மேனும் அவரே, எஞ்சின் டிரைவரும் அவரே.

இந்தத் துண்டு பிறந்த கதை சுவாரஸ்யமானது. 1888-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், ஜெர்மனியில், கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமல், தம் புதல்வர் இருவரை அழைத்துக்கொண்டு, அவர் செய்த மோட்டார் வண்டியில் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் போனார். இறக்கங்களில் மரக்கட்டை பிரேக் தேய்ந்துபோகவே, வழியில் ஒரு செருப்புத் தைப்பவரைக் கொண்டு கட்டையின் மேல் தோலை அடிக்கச் செய்தார். பிரேக் லைனிங் என்பதன் முதல் அவதாரம் அதுதான் என்று சரித்திரக்காரர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். பிற்பாடு 1897-இல், இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைச்சரிவுகளில் குதிரை வண்டிக்காரர்கள் பழைய பூட்ஸ் தோலைச் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்து இறங்குவதைக் கவனித்த ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர், அதற்கென்றே ஒரு பொருளைத் தயாரிக்க முனைந்து, ஃபெரோடோ என்ற ஸ்தாபனத்தைத் தோற்றுவித்தார். பஞ்சு நாரைக் கொண்டு செய்த அவருடைய கட்டைகள் குதிரை வண்டிக்குப் போதுமாயிருந்தன. மோட்டாரின் உஷ்ணத்தில் கருகின. தீக்கு அஞ்சாத நாரைத் தேடியவர்கள் கல்நாரிடம் போய்ச் சேர்ந்தார்கள்.

கல்நார் அந்தப் பதவியில் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் அமர்ந்திருந்தது. உஷ்ணத்தைத் தாங்கியது, மலிவாய்க் கிடைத்தது, சத்தம் போடவில்லை. அதன் நுண்ணிய இழைகள் சுவாசத்தோடு நுரையீரலில் தங்கி, இருபது முப்பது வருஷம் கழித்துப் புற்றுநோயாக முளைக்கும் என்ற ஒரு குற்றத்தைத் தவிர வேறு குற்றம் சொல்ல முடியாதிருந்தது. பிரிட்டன் 1999-இல் அதை முற்றிலும் தடை செய்தது. ஐரோப்பிய யூனியன் தேசங்கள் எல்லாம் 2005-க்குள் அதைப் பின்பற்றின. நம் தேசத்தில் கல்நார்க் கூரைத் தகடு இன்றும் விற்பனையில் இருக்கிறது. பெயர்பெற்ற பேடு தயாரிப்பாளர்கள் கல்நாரைக் கைவிட்டுவிட்டார்கள் என்றாலும், பெயரில்லாத அட்டைப்பெட்டியில் வரும் மலிவுச் சரக்கில் என்ன கலந்திருக்கிறது என்பதற்கு ஒரு ஜாமீனும் கிடையாது. பெட்டியின் மேல் ‘கல்நார் அற்றது’ என்ற வாசகம் இருக்கிறதா என்று பார்ப்பது வாங்குகிறவர் கடமை. பட்டறையில் டிரம்மைக் கழற்றியதும் கம்ப்ரஸர் காற்றை அடித்துத் தூசியைப் பறக்கவிடும் வழக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் அங்கே நிற்கும் பதினெட்டு வயதுப் பையனை நினைத்து மனம் பதறுகிறது. ஈரத் துணியால் துடைத்தால் காரியம் முடிந்துவிடும்.

இன்றைய பேடில் பத்து முதல் இருபது வகைச் சரக்குகள் வரை சேர்கின்றன. எல்லாவற்றையும் பிடித்து நிறுத்துவது பீனாலிக் பிசின். வலுவுக்கு எஃகு நூலோ அராமிட் நாரோ பாறை நாரோ. வழுக்கலை நிதானப்படுத்தக் கிராஃபைட். கனம் சேர்க்க பேரைட்டு என்னும் தாது, அது ஆந்திர தேசத்து மங்கம்பேட்டையில் ஏராளமாக வெட்டி எடுக்கப்படுகிறது. இவற்றினிடையே நமக்கு அந்நியோன்னியமான ஒரு பொருளும் இருக்கிறது. முந்திரிக் கொட்டையின் ஓட்டுக்குள் தேங்கியிருக்கும் கரிய எண்ணெயைப் பக்குவப்படுத்திக் கெட்டியாக்கிப் பொடி செய்தால் கிடைக்கும் தூளைப் பேடில் கலக்கிறார்கள். பற்றுதல் திடீரென்று ஏறி இறங்காமல் சமனாக இருக்கவும், சத்தம் அடங்கவும் அது உதவுகிறது. கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களைப் புண்ணாக்குவதும் இதே எண்ணெய்தான். அதற்கு அஞ்சித்தான் அவர்கள் விளக்கெண்ணெயையோ சாம்பலையோ கையில் பூசிக்கொண்டு உட்காருகிறார்கள். பண்ணுருட்டிப் பக்கத்துத் தோப்பில் காய்க்கும் முந்திரிக்கும் சிகாகோவில் சிவப்பு விளக்குக்கு நிற்கும் காருக்கும் உள்ள இந்தச் சம்பந்தம், கடலை மிட்டாய்க் கடையில் முந்திரிப் பருப்பு வாங்குகிற எவருக்கும் தோன்றாது.

மேற்சொன்ன சரக்குகளின் விகிதத்தைப் பொறுத்து, கடையில் மூன்று ஜாதியாகப் பேடுகளை விற்கிறார்கள். முதலாவது ஆர்கானிக் எனப்படுவது. உலோகம் குறைவு, நார்களும் பிசினும் அதிகம். மென்மையானது, குளிர்ந்த நிலையிலேயே நன்றாகப் பற்றுவது, டிஸ்க்கை வருத்தாதது. அதிக உஷ்ணத்தில் மட்டும் சீக்கிரம் சோர்வது. இரண்டாவது செமி மெட்டாலிக். எடையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை உலோகம். உஷ்ணத்தை விரைவில் கடத்துவதால் மலைக்கும் பாரத்துக்கும் தாங்கும், ஆனால் காலைக் குளிரில் முதல் மிதிக்குச் சற்று மந்தம், சத்தம் அதிகம், டிஸ்க்குக்குத் தேய்மானம் அதிகம். மூன்றாவது செராமிக், சத்தமில்லை, சக்கரத்தில் கருந்தூசி படிவதில்லை, ஆயுளும் நீண்டது, விலையும் நீண்டது. இப்போது பட்டணத்தில் செராமிக் மோகம் பரவி வருகிறது. எட்டாயிரம் ரூபாய் அலாய் வீல் கறுத்துப் போகாமல் பளிச்சென்று இருக்கவேண்டும் என்பவருக்கு அது நியாயமான செலவுதான். வண்டி குறுகிய தூரத்தில் நிற்கும் என்று நம்பி அதை வாங்குகிறவர் ஏமாறுவார், ஏனெனில் நிற்கும் தூரத்துக்குச் செராமிக் எந்த வாக்குறுதியும் தருவதில்லை. சாதாரணக் கார் வைத்திருக்கும் சாதாரண மனிதருக்கு என் சிபாரிசு ஒன்றுதான்: வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்தபோது எந்த ஜாதிப் பேடோடு வந்ததோ, அந்த ஜாதியையே திரும்பவும் போடட்டும். முன்பேடுக்கும் பின்சக்கர டிரம்மின் லைனருக்கும் டிஸ்க்கின் கனத்துக்கும் ஏ.பி.எஸ். கணக்குக்கும் பொருத்தம் பார்த்துத்தான் தயாரித்தவர் அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அந்தப் பொருத்தத்தைக் கலைத்து, முன்னால் மட்டும் பிடி அதிகமான பேடைப் போட்டால், முன்பின் சமநிலை குலைந்து, ஈரச்சாலையில் திடீரென்று மிதிக்கையில் வண்டி எதிர்பாராத விதமாக நடந்துகொள்ளும்.

கம்பெனிப் பேடுதான் வேண்டும் என்று இதற்கு அர்த்தமல்ல. வாகனக் கம்பெனி எதுவும் தானே பேடு செய்வது அபூர்வம். அதற்கென்றே இருக்கும் தொழிற்சாலைகளிடம் செய்வித்துத் தன் பெட்டியில் போட்டு விற்கிறது. சென்னைக்கு இதில் ஒரு விசேஷ பாத்தியதை உண்டு. 1962-இல் பாடியில் பிரேக்ஸ் இந்தியா தொடங்கியது. அடுத்த பன்னிரண்டு வருஷங்களுக்குள் ரானே பிரேக் லைனிங், சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் ஆகியவையும் இந்நகரத்தைச் சுற்றியே எழுந்தன. அந்தத் தரத்து ஸ்தாபனங்கள் தம் சொந்தப் பெயரிலும் அதே காருக்குரிய பேடை விற்கும்போது, வாகனக் கம்பெனியின் முத்திரைக்காக மட்டும் கூடுதல் விலை கொடுப்பது அவரவர் மனோதர்மத்தைப் பொறுத்தது.

தரத்தை நிர்ணயிப்பதில் கண்ணுக்கு எதுவும் தெரியாது என்பதே இந்தப் பொருளின் சங்கடம். நல்ல பேடும் மட்டமான பேடும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று போலவே இருக்கும். ஆனாலும் பேடின் ஓரத்திலோ தகட்டின் முதுகிலோ சிறு அச்சாகக் காணப்படும் எழுத்துகளைப் படிக்கத் தெரிந்தவருக்கு ஓரளவு தகவல் உண்டு. அமெரிக்க முறைப்படி பொறிக்கப்படும் அந்த வரிசையின் கடைசி இரண்டு எழுத்துகள் உராய்வின் அளவைச் சொல்கின்றன: முதல் எழுத்து சாதாரண உஷ்ணத்தில் எவ்வளவு பற்றும் என்பது, இரண்டாவது கடும் உஷ்ணத்தில் எவ்வளவு பற்றும் என்பது. ‘ஈ’ என்றால் உராய்வுக் குணகம் 0.25-க்கும் 0.35-க்கும் இடையில், ‘எஃப்’ என்றால் 0.35-க்கும் 0.45-க்கும் இடையில், ‘ஜி’ என்றால் 0.45-க்கும் 0.55-க்கும் இடையில். ‘எஃப் எஃப்’ என்று இருந்தால் சூட்டிலும் குளிரிலும் ஒரே குணம்; ‘எஃப் ஈ’ என்று இருந்தால் சூடேறச் சூடேறப் பிடி தளரும் சுபாவம். சமவெளியில் ஓடுகிறவருக்கு இந்த வித்தியாசம் பெரிதல்ல. அடிக்கடி மலை இறங்குகிறவர் இரண்டாவது எழுத்தைப் பார்க்காமல் வாங்கக்கூடாது. ஒரு சதுர அங்குலத் துண்டை வெட்டிப் பரிசோதனை யந்திரத்தில் தேய்த்துக் கண்ட எழுத்து அது. உங்கள் காரில், உங்கள் டிஸ்க்கில் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு அது முழு அத்தாட்சி ஆகாது. ஐரோப்பாவில் ஆர்-90 என்று ஒரு விதி இருக்கிறது. மாற்றாக விற்கும் பேடு, அந்த வண்டியோடு வந்த பேடின் நிறுத்தும் திறனிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது என்று அந்த விதி கூறுகிறது. ஏறவும் கூடாது என்று சொல்லியிருப்பதில்தான் அதை எழுதியவர்களின் அனுபவம் தெரிகிறது. அந்த முத்திரை உள்ள பெட்டி நம் ஊர்க் கடையிலும் சிலசமயம் கிடைக்கிறது.

உதகையிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. தூரம் குறைவு, சரிவு அதிகம். பல விபத்துகளுக்குப் பிறகு வெளியூர் வாகனங்களுக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்ட பாதை அது. அங்கே பிரேக் கைவிட்டது என்று செய்தி வரும்போதெல்லாம், அது எப்படிக் கைவிட்டது என்று எவரும் விசாரிப்பதில்லை. இரண்டு விதமாகக் கைவிடலாம், இரண்டுக்கும் அறிகுறி வேறு, பரிகாரம் வேறு. மிதி கல்லைப்போல் உறுதியாக இருக்கிறது, பலங்கொண்ட மட்டும் மிதித்தும் வண்டி நிற்க மறுக்கிறது, கருகல் நாற்றம் வருகிறது என்றால் தளர்ந்தது பேடு. சூட்டின் மிகுதியால் பிசின் சிதைந்து ஆவியாகி, பேடுக்கும் டிஸ்க்குக்கும் இடையே படிந்து வழுக்குகிறது. அதற்குப் பதிலாக மிதி பஞ்சாக அமுங்கி அடிமட்டம் வரை போகிறது என்றால் கொதித்தது பிரேக் ஆயில்; ஆயிலில் தோன்றிய ஆவிக் குமிழ்கள் அமுங்குகின்றனவே தவிரக் கால் கொடுத்த விசை சக்கரத்தைச் சென்றடையவில்லை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் கொதிக்கவேண்டும். நாளாவட்டத்தில் ஈரம் ஏறிய பின் 140 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். டாட் 4 வகைக்கு அந்த அளவுகள் 230-உம் 155-உம். ஆறு வருஷம் மாற்றாத ஆயிலோடு உயர்ந்த ஜாதிப் பேடு மாட்டிக்கொண்டு மலைக்குப் போகிறவர், பணம் செலவழித்தும் பாதுகாப்பை வாங்கவில்லை. பேடு வாங்கும்போதே இரண்டு வருஷம் கடந்த ஆயிலையும் மாற்றிவிடுவது, விலையுயர்ந்த பேடைவிட மலையில் அதிகப் பயன் தரும். இரண்டாவது கியரில் இறங்குவது இவ்விரண்டையும்விடப் பயன் தரும். அதற்குக் காசே இல்லை. சூடேறிய டிஸ்க்கின் மேல் பாட்டில் தண்ணீரைக் கொட்டும் காரியத்தை மட்டும் ஒருவரும் செய்யவேண்டாம். வார்ப்பிரும்பு வெடிப்பு விடும்.

லாரிக்காரர்களின் உலகம் தனி. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் பேடு என்று பேசமாட்டார்கள்; லைனர் என்பார்கள். பெரும்பாலும் டிரம் பிரேக், காற்றழுத்தத்தால் இயங்குவது. ஷூவின் மேல் கனத்த லைனரை ரிவிட் அடித்து மாட்டுவது. டிஸ்க் சூடேறினால் தடித்துப் பேடை நோக்கி வருகிறது. டிரம்மோ சூடேறினால் விரிந்து லைனரை விட்டு விலகிப் போகிறது. இறக்கத்தில் பிடி குறைவதற்கு இதுவும் ஒரு ஹேது. லைனர் தேய்ந்து ரிவிட் தலை வெளியே தெரிந்தால் டிரம்மில் கோடு விழும், பிறகு லேத்தில் போட்டுக் கடையவேண்டிவரும். இதையெல்லாம் அங்கே ஒரு கிளீனர் பையன்கூட அறிவான். கார்க்காரர்கள் அவனிடம் பாடம் கேட்கலாம்.

மோட்டார் சைக்கிளைப் பற்றி ஒரு வார்த்தை. உலோகப் பொடியை அழுத்திச் சூடேற்றிப் பிணைத்துச் செய்யும் சின்டர்டு பேடுகள் மழையிலும் நன்றாகப் பற்றும், சூட்டையும் தாங்கும். வேகமான பெரிய வண்டிகள் அவற்றோடுதான் வருகின்றன. ஆனால் நூறு நூற்றைம்பது சி.சி. வண்டியின் மெல்லிய டிஸ்க் அதற்கென்று செய்யப்படாததாயின், பேடு நிலைத்து டிஸ்க் தேயும்.

வாங்குமிடத்துக்கு வருவோம். சென்னையில் ஜி.பி. ரோடு என்றாலே உதிரிபாகம். அங்கே ஒரே காருக்கு ஆறு விலையில் ஆறு பெட்டி எடுத்துக் காட்டுவார்கள். காரின் பெயரை மட்டும் சொல்லி வாங்குவது போதாது. ஒரே பெயருள்ள காரில் வருஷத்துக்கு வருஷம், பேடைத் தாங்கி டிஸ்க்கின் மேல் அழுத்தும் கேலிப்பர் மாறியிருக்கும். ஆர்.சி. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பழைய பேடையும் கழற்றி எடுத்துப்போய் ஒப்பிட்டுப் பார்ப்பது உத்தமம். பெயர்பெற்ற கம்பெனியின் பெட்டியைப் போலவே அச்சடித்த போலிகள் நடமாடுகின்றன. பெட்டியில் எழுத்துப்பிழை, பேடின் மேல் பாகத்தின் எண்ணோ உற்பத்தித் தொகுதியின் எண்ணோ இல்லாமை, தகட்டுக்கும் பொருளுக்கும் நடுவே மயிரிழை விரிசல், நகத்தால் சுரண்டினால் ஓரம் உதிர்வது, பில் கேட்டால் கடைக்காரர் முகம் மாறுவது ஆகிய இவற்றில் ஏதாவதொன்று தென்பட்டாலும் பெட்டியைத் திருப்பி வைத்துவிடலாம். மற்றக் கடைகளைவிடப் பாதி விலை என்பதும் ஓர் அறிகுறியே.

மாட்டுகிற விஷயத்தில் சிலவற்றை வண்டிக்காரர் கூட நின்று பார்க்கவேண்டும். ஒருபக்கச் சக்கரத்துக்கு மட்டும் புதுப்பேடு போடுவது கூடாது. வண்டி ஒருபக்கமாக இழுக்கும். டிஸ்க்கின் கனத்தை அளந்து பார்க்கவேண்டும். அது குறையக்கூடாத எல்லை டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும், அதற்குக் கீழே போன டிஸ்க்கில் எந்தப் பேடும் பிரயோஜனப்படாது. கேலிப்பரின் ஸ்லைடு பின்கள் துருப்பிடித்து இறுகியிருந்தால், உட்பக்கப் பேடு ஒரேயடியாகத் தேய்ந்தும் வெளிப்பக்கப் பேடு புதிதாகவும் இருக்கும். அதைச் சுத்தம் செய்து அதற்குரிய கிரீஸ் வைக்காமல் புதுப்பேடு மாட்டினால், அதுவும் அதே கதியை அடையும். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது டப்பாவில் பிரேக் ஆயில் மேலே ஏறிப் பொங்கக்கூடும். பெயிண்டின் மேல் சிந்தினால் பெயிண்ட் போய்விடும். வேலை முடிந்தபின், வண்டியை நகர்த்துவதற்கு முன்பாக, மிதி கெட்டிப்படும் வரை நாலைந்து தடவை மிதித்துப் பார்ப்பது மிக அவசியம். தள்ளப்பட்ட பிஸ்டன் திரும்பி வந்து பேடைத் தொடும்வரை முதல் மிதி வெறுமையாகத்தான் போகும். பட்டறை வாசலிலேயே எதிர்ச்சுவரில் மோதிய வண்டிகள் உண்டு.

புதுப்பேடு மாட்டிய உடனே முழுப் பிடியும் வந்துவிடுவதில்லை. டிஸ்க்கின் முகமும் பேடின் முகமும் ஒன்றுக்கொன்று பொருந்தி, பேடின் பொருள் டிஸ்க்கின் மேல் மெல்லிய படலமாகப் படியவேண்டும். பிசினில் மிஞ்சிய ஆவியும் முதற்சூட்டில் வெளியேறவேண்டும். வாகனமில்லாத சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 15 வரை, முற்றிலும் நிறுத்தாமல், நிதானமாக மிதித்துக் குறைப்பதும், பிறகு ஒரு கிலோமீட்டர் ஓட்டி ஆறவிடுவதுமாகப் பத்துத் தடவை செய்தால் இந்தச் சடங்கு ஓரளவு நிறைவேறும். சூடேறியிருக்கும்போது மிதியை அழுத்திக்கொண்டு நின்றால் பேடு தொட்ட இடத்தில் மட்டும் படலம் தடித்து, பிற்பாடு மிதி அதிரும். அதன் பின்னரும் 200, 300 கிலோமீட்டர் வரை வன்மையான பிரேக்கைத் தவிர்ப்பது நலம். மலைக்குப் போகிறோமே என்று வெள்ளிக்கிழமை மாலையில் பேடு மாற்றிக்கொண்டு சனிக்கிழமை விடியற்காலையில் உதகைக்குக் கிளம்புகிற வழக்கம் நம்மிடையே அதிகம். அவர்கள் ஜாக்கிரதையின் பேரால், பிடி இன்னும் பழகாத பேடோடு இறக்கத்தில் நிற்கிறார்கள். பத்து நாள் முன்னதாக மாற்றிவிடலாம். அதற்கு அவகாசமில்லை, பழைய பேடில் 5 மில்லிமீட்டர் பாக்கி இருக்கிறது என்றால், அதோடேயே போய்வந்து திங்கட்கிழமை மாற்றிக்கொள்ளலாம்.